மல்லாட்டை விலையும் நியூயார்க் சந்தையும்

(அறக்கட்டளையின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இன்று நாம் முடிவு செய்ய வேண்டிய விஷயம் ஒன்றுதான். நம் அறக்கட்டளையில் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்று தொடங்குவதா, வேண்டாமா? நிர்வாகக் குழுவிலேயே இதில் இரண்டு கருத்து இருக்கிறது. அதனால்தான் பொதுக்குழுவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். விவாதம் தொடங்குமுன் சிறிது நேரம் பேச அனுமதி கேட்டேன். நான் சொல்லப்போவது தொண்ணூறு வருடத்துக்கு முந்தைய கதை. அலுப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் மாலைநேர வகுப்பில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சமூக அறிவியல் பார்க்கிறேன். பாடத்தில் 'இரு உலகப்போர்களுக்கு இடையில் உலகம்' என்று ஒரு பகுதி. 1929 அக்டோபரில் நியூயார்க்கில் பங்குச்சந்தை விழுந்தது, பெருமந்தம் வந்தது என்று படித்துக்கொண்டிருந்தோம். ஒரு பெண் எழுந்து, "மாமா, அமெரிக்காவுல பங்கு விழுந்தா நமக்கு என்ன? இதை ஏன் நாம படிக்கணும்?" என்றாள். நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. இரவு படுத்தபோது என் நானிமாவின் வெறுங்கை நினைவுக்கு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கோட்டைக்கு 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பெயர் கிடைத்ததிலிருந்து நம் ஊருக்கு வெளியூர்க்காரர்கள் அதிகம் வருகிறார்கள். தேசிங்கு ராஜாவைக் கேட்கிறார்கள், கோட்டைக்குள் இருக்கும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலைக் கேட்கிறார்கள். நம் பிள்ளைகளும் 1714-ஐப் பற்றி நன்றாகப் பதில் சொல்கிறார்கள். ஆனால் 1930-ல் இதே ஊரில் தங்கள் கொள்ளுப்பாட்டனார் என்ன சாப்பிட்டார், யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்று கேட்டால் தெரியாது. ராஜாக்களின் சரித்திரத்துக்குக் கல்வெட்டு இருக்கிறது. கடன்காரனின் சரித்திரம் புரோநோட்டோடு கிழிந்துபோய்விடுகிறது.

முதல் உலகப் போர் 1918 நவம்பரில் முடிந்தது. அதே ஆண்டு விஷக்காய்ச்சல் வந்து நாடெங்கும் ஜனங்கள் செத்தார்கள். பிறகு கிலாஃபத் இயக்கம். அதை உங்களில் பலர் அறிவீர்கள். 1924 மார்ச்சில் துருக்கியிலேயே கிலாஃபத்தை ஒழித்துவிட்டார்கள், இங்கே இயக்கமும் ஓய்ந்தது. அரசியல் பக்கம் ஏமாற்றமாக இருந்த அதே காலத்தில் வியாபாரம் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

அமெரிக்காவை முதலில் பார்ப்போம். 1920-களில் அங்கே கொடிகட்டிப் பறந்தார்கள். ஃபோர்டு கம்பெனி 1908-ல் 850 டாலருக்கு விற்கத் தொடங்கிய மாடல் டி கார், பதினைந்து வருடத்தில் 300 டாலருக்கும் கீழே வந்துவிட்டது. 1920-ல் வானொலி ஒலிபரப்பு, 1927-ல் பேசும்படம். பெண்களுக்கு நாடு முழுவதும் வாக்குரிமை 1920-ல் வந்தது. (நம் சென்னை மாகாணத்தில் அடுத்த ஆண்டே, சொத்துத் தகுதி உள்ள பெண்கள் வாக்களிக்கலாம் என்று ஆனது. நாம் ஒன்றும் ரொம்பப் பின்னால் இல்லை.) இவற்றோடு இன்னொன்றும் வந்தது. அதுதான் தவணை. காரா, வானொலிப் பெட்டியா, துணி துவைக்கும் இயந்திரமா, இன்றைக்குக் கொண்டுபோ, மாதாமாதம் கட்டு. பங்குச்சந்தையிலும் அப்படித்தான். கொஞ்சம் கைக்காசு, மீதி கடன், அதில் பங்கு வாங்கு, ஏறியதும் விற்றுக் கடனை அடை. ஏறிக்கொண்டே இருக்கும்வரை எல்லாருமே புத்திசாலிகள்தான்.

இங்கே கார் இல்லை, வானொலி இல்லை. மல்லாட்டை இருந்தது. தென்னார்க்காடு மாவட்டம் சென்னை மாகாணத்திலேயே மணிலா விளைச்சலுக்குப் பேர்போனது. நம் செஞ்சிப் பக்கத்து மானாவாரிச் செம்மண்ணுக்கு அது சொந்தப் பிள்ளை மாதிரி. அப்போது பாண்டிச்சேரி பிரெஞ்சுக்காரர் கையில். அந்தத் துறைமுகம் வழியாக நம் மல்லாட்டை பிரான்சின் மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குப் போனது. சோப்புக்கும் எண்ணெய்க்கும் ஐரோப்பாவில் அவ்வளவு தேவை. நம் முன்னோர் அந்த ஊரின் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அவர்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த ஊர்ச் செக்கு ஓடுவதைப் பொறுத்திருந்தது. விளைவதற்கு முன்பே மண்டிக்காரர் முன்பணம் கொடுப்பார். மண்டிக்காரருக்கு அவருக்கு மேலே இருக்கிற பெரிய வியாபாரி கொடுப்பார். கையில் காசு புழங்கியது. நிலம் வாங்கினார்கள், கிணறு வெட்டினார்கள், கல்யாணம் பெரிதாகச் செய்தார்கள். பாதிக்குப் பாதி புரோநோட்டில்தான்.

நம் சமுதாயத்தில் இதைவிடப் பெரிய பணம் பார்த்தவர்கள் தோல் வியாபாரிகள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், சென்னையில் பெரியமேடு. போர்க்காலத்தில் ராணுவப் பூட்ஸுக்கு நம் பக்கத்துப் பதனிட்ட தோல் போனது. இன்னொரு பக்கம் பர்மா, பினாங்கு, சிங்கப்பூர் என்று கப்பல் ஏறியவர்கள்.

அந்தப் பணம் எங்கே போனது என்று பார்த்தால் இரண்டு வழி தெரிகிறது. ஒரு வழி, 1919-ல் வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி. 1924-ல் தோல் வியாபாரி காகா முஹம்மது உமர் தொடங்கிய உமராபாத் ஜாமிஆ தாருஸ்ஸலாம். சென்னைத் தோல் வியாபாரி ஜமால் முஹம்மது சாஹிப் செலவு செய்து பெரிய அறிஞர்களை அழைத்துச் சென்னையில் சொற்பொழிவுகள் நடத்தினார். 1927-ல் பிக்தால் வந்து பேசினார், 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார். இக்பாலின் சிந்தனை நூல் உலகமெல்லாம் பேசப்படுகிறது. அதன் முதல் உரைகளைக் கேட்ட காதுகள் சென்னைக் காதுகள். ஆங்கிலம் படித்து அரசு உத்தியோகம் பார்த்த தாவூத் ஷா வேலையை உதறிவிட்டு 'தாருல் இஸ்லாம்' பத்திரிகை நடத்தினார். தமிழில் குத்பா கூடுமா, பெண்பிள்ளை பள்ளிக்கூடம் போகலாமா என்று அந்தக் காலத்தில் நடந்த சண்டைகளைப் படித்தால் நமக்குச் சிரிப்பு வரும். நம் சண்டைகளைப் படித்து நம் பேரர்கள் சிரிப்பார்கள். பாகவி ஆலிம் அப்துல் ஹமீது அவர்கள் குர்ஆன் முழுவதையும் தமிழாக்கும் பணியைத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். நாகூரில் சித்தி ஜுனைதா பேகம் 'காதலா கடமையா' என்ற நாவலை 1938-ல் வெளியிட்டார். முக்காட்டோடு வீட்டுக்குள் இருந்த பெண் எழுதிய நாவல்.

இன்னொரு வழி, ரங்கூனில் கடை, ரங்கூனில் வீடு, கடனுக்கு மேல் கடன் வாங்கி இன்னொரு கடை. அது என்ன ஆனது என்று சொல்கிறேன்.

இக்பால் வந்துபோன அதே 1929 அக்டோபரில் நியூயார்க் சந்தை விழுந்தது. அந்தப் பெண் கேட்டாளே, நமக்கு என்ன என்று. இதுதான் வழி: போருக்குப் பிறகு ஜெர்மனி முதலிய நாடுகள் அமெரிக்கக் கடனில் ஓடிக்கொண்டிருந்தன. அமெரிக்க வங்கிகளுக்கு நெருக்கடி வந்ததும் கொடுத்த கடனைத் திரும்பக் கேட்டார்கள், புதுக்கடனை நிறுத்தினார்கள். ஐரோப்பாவில் ஆலைகள் வாங்குவதைக் குறைத்தன. மார்செய் வாங்கவில்லை என்றால் பாண்டிச்சேரியில் ஏற்றுமதி இல்லை. பெரிய வியாபாரி மண்டிக்காரருக்குப் பணம் தரவில்லை, மண்டிக்காரர் விவசாயிக்குத் தரவில்லை. சில வருடங்களில் மணிலா விலை பாதிக்கும் கீழே போனது. நெல் விலையும் அப்படித்தான்.

விலை விழுந்தது மட்டும் என்றால் வயிற்றைக் கட்டிச் சமாளித்திருப்பார்கள். கடன் விழவில்லையே! கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள்: மூட்டை பத்து ரூபாய் விற்றபோது ஒருவர் நூறு ரூபாய் கடன் வாங்கினார். அது பத்து மூட்டைக் கடன். மூட்டை ஐந்து ரூபாய்க்கு வந்தபோது அதே நூறு ரூபாய் இருபது மூட்டைக் கடன் ஆகிவிட்டது. புதிதாக ஒரு பைசா வாங்கவில்லை. இது அசல் மட்டும். வட்டியும் ரூபாயில், சர்க்கார் கிஸ்தியும் ரூபாயில். உழைப்பவன் விளைத்ததை அளந்து சம்பாதிக்கிறான், கடன் கொடுத்தவன் ரூபாயை எண்ணி வாங்குகிறான். வட்டியை அல்லாஹ் ஏன் அவ்வளவு கடுமையாகத் தடுத்தான் என்று நான் மதரஸாவில் ஓதினேன். அதன் ஒரு பகுதி எனக்குப் புரிந்தது கல்லூரியில் இந்தக் கணக்கைப் படித்தபோதுதான்.

இப்போது நானிமா. என் தாயாரைப் பெற்றவர். நல்ல வருடத்தில் கல்யாணமாகி வந்தவர், கை நிறைய வளையல். மாமனார் மல்லாட்டை வாங்கி விற்றவர், புரோநோட்டில் வியாபாரத்தைப் பெருக்கியவர். 1931 செப்டம்பரில் இங்கிலாந்து தன் பவுனைத் தங்கத்திலிருந்து பிரித்தது. ரூபாய் பவுனோடு கட்டப்பட்டிருந்ததால் இங்கே தங்கம் விலை ஏறியது. நாடு முழுவதும் வீட்டு நகைகள் வெளியே வந்து, உருகி, பம்பாய் வழியாகக் கப்பல் ஏறின. தங்கத்தை வாங்கிக்கொண்டே இருந்த நம் நாடு அன்றைக்கு விற்கிற நாடு ஆயிற்று. நானிமா சொல்வார்: "நல்ல விலை வருது, இப்பக் கழட்டினாத்தான் லாபம்னாங்க. நானும் சந்தோஷமாக் கழட்டிக் கொடுத்தேன்." அதற்குப் பிறகு அவர் கையில் நான் கண்ணாடி வளையலைத்தான் பார்த்திருக்கிறேன். மார்க்கப்படி அந்த நகை அவருடைய சொத்து. அவர் வாங்காத கடனுக்கு அவர் நகை போனது. அவரிடம் யாரும் கேட்கவில்லை, விலை நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னார்கள். 1937-ல் ஷரீஅத் சட்டம் வந்தபோதுகூட விவசாய நிலம் அதில் சேரவில்லை, நம் மாகாணத்தில் நிலத்துக்கும் அது வந்தது 1949-ல். ஆக அந்தத் தலைமுறைப் பெண்ணுக்குத் தன்னுடையது என்று கையில் இருந்தது நகை ஒன்றுதான்.

அமெரிக்காவில் இதே நேரத்தில் ஆயிரக்கணக்கான வங்கிகள் மூடின. 1933 வாக்கில் நான்கு தொழிலாளிகளில் ஒருவருக்கு வேலை இல்லை. விவசாயிகளின் நிலம் ஏலத்துக்கு வந்தது. அங்கே சில ஊர்களில் ஒரு காரியம் செய்தார்கள். ஒருவனுடைய பண்ணை ஏலம் போகிற நாளில் அக்கம்பக்கத்து விவசாயிகள் எல்லாரும் கூட்டமாகப் போய் நிற்பார்கள். வெளியாள் யாரும் கேட்க முடியாது, கேட்டால் முறைப்பார்கள். மாடு என்றால் சில சென்ட், கலப்பை என்றால் ஒரு சென்ட் என்று அவர்களே ஏலம் எடுப்பார்கள். எடுத்து, கடன்பட்டவனிடமே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். காசு ஏலம் என்று அதற்குப் பெயர். கடன் கொடுத்தவனுக்கு இது அநியாயம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். மிரட்டி நிறுத்துவதை மார்க்கம் ஏற்காது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரனின் மாடு ஏலம் போகும்போது நாம் வீட்டுக்குள் இருக்கக் கூடாது என்று அவர்களுக்குத் தோன்றியதே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

நம் மாகாணத்தில் ஜப்தியும் ஏலமும் அதுபாட்டுக்கு நடந்தது. அரசு அசைய 1938 ஆனது. ராஜாஜி மந்திரிசபை அந்த வருடம் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தது. 1932 அக்டோபருக்கு முந்தைய கடன் என்றால், 1937 அக்டோபர் வரை பாக்கி நின்ற வட்டி முழுவதும் தள்ளுபடி, அசலைக் கட்டினால் போதும். வாங்கியதைப்போல இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது. கடனாளி சிரமத்தில் இருந்தால் வசதி வரும்வரை அவகாசம் கொடுங்கள், விட்டுக்கொடுத்தால் இன்னும் நல்லது என்று சூரா பகராவின் 280-ஆம் வசனம் சொல்லும் கருத்தில் ஒரு பாதியைச் சட்டசபை போட்ட சட்டம் என்று நான் இதைச் சொல்வேன். ஆனால் நானிமாவின் வளையல் ஆறேழு வருடம் முந்திப் போய்விட்டது.

பர்மாவுக்குப் போனவர்கள் கதை இன்னும் மோசம். அங்கே நெல் விலை விழுந்து பர்மிய விவசாயிகள் கடன் கட்ட முடியாமல் நிலத்தை இழந்தார்கள். கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறு பங்காக இருந்த செட்டியார் நிலம் 1937-ல் இருபத்தைந்து பங்கு ஆனது. கோபம் எல்லா இந்தியர் மேலும் திரும்பியது. 1938 கலவரத்தில் குறிப்பாக முஸ்லிம்கள் தாக்கப்பட்டார்கள். வட்டிக்கு விட்டவர் ஒருவர், வெட்டுப்பட்டவர் கடை வைத்திருந்தவர். 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்ததும் லட்சக்கணக்கானோர் காட்டு வழியே நடந்தார்கள். ரங்கூனில் வாங்கிய வீட்டுப் பத்திரத்தை இங்கே பெட்டியில் வைத்திருந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் எத்தனையோ. வாணியம்பாடியில் அதே காலத்துப் பணத்தில் கட்டிய கல்லூரிக்கு மட்டும் இன்றைக்கும் பிள்ளைகள் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். நம் தெருவில் செவ்வாய்க்கிழமை காலையில் குழுக்கடன் வசூலுக்கு வருகிறவரின் வண்டிச் சத்தம் கேட்டால் எத்தனை வீட்டில் கதவு சாத்துகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு குழுவில் வாங்கி இன்னொரு குழுவுக்குக் கட்டுகிறோம். செல்போன் தவணையில், இருசக்கர வண்டி தவணையில். அடகுக் கடையில் நகையை மீட்க இன்னொரு அடகுக் கடை பணம் தருகிறது. தங்கம் ஏற ஏற, கூடுதல் கடன் தருகிறோம் என்று போன் செய்து கூப்பிடுகிறார்கள். நானிமாவிடம் சொன்னதும் இதே வார்த்தைதான், நல்ல விலை வருகிறது என்று. விலை ஏறும்போது வாங்கிய கடன், விலை இறங்கும்போது என்ன செய்யும் என்பதை மேலே கணக்குப் போட்டுக் காட்டினேன்.

நிதி வேண்டாம் என்கிற சகோதரர்கள் சொல்வதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஜகாத்தும் சதகாவும் கொடுப்பதோடு நிறுத்திக்கொள்வோம், கடன் கொடுத்தால் திருப்பிக் கேட்க வேண்டிவரும், கேட்டால் பகை வரும், ஜமாஅத் உடையும் என்கிறார்கள். இது வெறும் பயம் இல்லை. முன்பு சிலர் நல்லெண்ணத்தில் கைமாற்றாகக் கொடுத்து, திரும்பி வராமல், இன்றுவரை சலாம்கூடச் சொல்லிக்கொள்ளாத இரண்டு வீடுகளை நானே அறிவேன். என் பதில் ஒன்றுதான். அங்கே எழுத்து இல்லை. கடனை எழுதி வையுங்கள், சாட்சி வையுங்கள் என்பது குர்ஆனின் மிக நீளமான வசனம். பகை வராமல் இருக்கத்தான் அந்த எழுத்து.

முன்மாதிரியும் இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தில் அந்தக் காலத்திலேயே வட்டியில்லாக் கடன் சங்கங்கள் நடந்ததை டாக்டர் முஹம்மது ஹமீதுல்லாஹ் எழுதியிருக்கிறார். இன்னொரு ருசிகரமான செய்தி. பாஸ்டன் நகரத்துக் கடை முதலாளி எட்வர்டு ஃபைலீன் 1907-ல் நம் நாட்டுக்கு வந்தபோது, கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைப் பார்த்தார். திரும்பிப் போய் அமெரிக்காவில் அப்படிப்பட்ட சங்கங்களை வளர்க்கப் பாடுபட்டார். பெருமந்தத்தின் நடுவில் 1934-ல் ரூஸ்வெல்ட் அதற்கு நாடு தழுவிய சட்டம் போட்டார். அவர்கள் வட்டி வாங்கினார்கள், அது வேறு. ஆனால் ஏழை ஏழைக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்பதை அமெரிக்கக்காரர் நம் கிராமத்தில் பார்த்துக் கற்றார். நாம் ஏன் வெட்கப்பட வேண்டும்?

யோசனை இதுதான். ஜகாத் பணத்தில் கை வைக்க மாட்டோம், அதற்குரியவர்கள் வேறு. இந்த நிதி அமானத்தாகவும் நன்கொடையாகவும் வருகிற பணத்தில் மட்டும் நடக்கும். மருத்துவம், படிப்புக் கட்டணம், தொழில் சாமான், வட்டிக்கடனை மூடுவது ஆகிய நான்குக்குத்தான் கடன். கல்யாண விருந்துக்குக் கிடையாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை, யார் கோபித்தாலும். எழுத்தும் இரண்டு சாட்சியும் கட்டாயம். பெண்ணின் நகையை ஈடாக வைப்பதென்றால் அந்தப் பெண்ணே வந்து, தன் வாயால் சம்மதம் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டும். கணவர் போட்டால் செல்லாது. கட்ட முடியாதவர் சொல்லிவிட்டால் அவகாசம் உண்டு, சொல்லாமல் இருந்தால் வீட்டுக்கு வருவோம். கணக்கு மாதாமாதம் பள்ளிவாசல் பலகையில். கடன் வாங்கியவர் பெயர் மட்டும் அதில் இருக்காது.

எதிர்ப்பவர்கள் முதலில் பேசட்டும், பிறகு தாய்மார்கள் பக்கமிருந்து கருத்துச் சீட்டு வரட்டும். அஸர் பாங்குக்கு முன் கை தூக்கி எண்ணிவிடலாம். அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணும் திரைக்குப் பின்னால் இருக்கிறாள் என்று சொன்னார்கள். அவளுக்கு ஓட்டு இல்லை, சீட்டு எழுதலாம். வஸ்ஸலாம்.